பட்டியலில் இல்லாத மாதம்

என் தம்பி மகள் நிருபராகப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தம்பி மட்டும் கிண்டல் செய்தான். "ரிப்போர்ட்டர் மேடம், முதல்ல என் மூக்குக் கண்ணாடி எங்க போச்சுன்னு துப்பு துலக்குங்க."

"தலை மேல இருக்குப்பா. இதெல்லாம் ஒரு செய்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முப்பத்தோரு வருடம் நூலகப் பொறுப்பில் இருந்த பத்திரிகைக்கே அவள் விண்ணப்பித்திருந்தாள். தேர்வில் ஒரு கட்டுரை உண்டு. பழைய செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் வந்தவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். அதற்காகப் பழைய இதழ்களின் தொகுப்புகளைப் படிக்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"அத்தை, எதைப் படிக்கிறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எல்லாத்தையும் படிச்சா நான் ரிட்டயர் ஆகிற வயசுலதான் வேலைக்குச் சேர முடியும்."

"நான் எழுதித் தரேன். அதைத் தாண்டிப் போகாதே பாப்பா. கண்டதையும் படிச்சா எதுவும் மனசுல நிக்காது."

அவள் படிக்கக் கூடாத பக்கம் ஒன்று அங்கே இருந்தது. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பாதி கட்டியிருந்த சந்தைக் கட்டடம் ஒன்று சரிந்து பதினொரு வேலையாட்கள் இறந்தார்கள். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பொறியாளன் என் தம்பி. நேரில் போய்ப் பார்க்காமலே போட்டிருந்தான். அவனை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் எங்கள் பத்திரிகையில் அவன் பெயர் வந்தது, அப்பாவின் பெயரோடு. கட்டடத்துக்காரர் பெரிய இடம். நான்காம் நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. தம்பியும் வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஆனால் அச்சில் ஏறியது ஏறியதுதான். யாருக்கும் தலைகுனியாத எங்கள் அப்பா அந்த வாரம் வாசற்படி தாண்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்த விபத்துக்கென்று நானே செய்தித்தாளிலிருந்து வெட்டிய துணுக்குகளை ஒட்டி வைத்திருந்த உறையை அப்படியே எடுத்து வந்தேன். தொகுப்பில் இருந்த செய்தியையும் ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டினேன். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். குடும்பத்துக்கு மூத்தவள் செய்ய வேண்டியதைச் செய்ததாகத்தான் அன்று நினைத்தேன்.

மாதத்துக்கு ஒரு தொகுப்பு. நல்ல கட்டுரைக்கு இடம் தரக்கூடிய இருபத்தாறு தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆற்று வெள்ளம், பேருந்து வேலைநிறுத்தம், மூடப்பட்ட நூற்பாலை, காணாமல் போன படகு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பக்கத்தை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று எழுதினேன். அந்த வருடத்தை முழுதாக விட்டால் கண்ணில் படும் என்று, அதில் பதினொரு மாதங்களைச் சேர்த்தேன்.

மூன்று வாரம் அவள் பட்டியலை மீறவில்லை. தூசியில் தும்மிக்கொண்டே வருவாள், நூற்பாலைக் கதையைச் சொல்லுவாள். எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

நான்காவது வாரம் ஒரு நாள் மதியமே வந்துவிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ உங்க இடத்துல இருக்கிற லைப்ரரி சார் உங்களை விசாரிச்சார் அத்தை. 'மேடம் ஒரு கமாவைக்கூட விட மாட்டாங்களே, ஒரு மாசத்தையே விட்டிருக்காங்க, வயசாயிடுச்சா'ன்னு கேட்டுட்டு அவரே அந்தத் தொகுப்பை எடுத்துக் குடுத்தார்."

நான் அடுத்த துணியை எடுத்தேன்.

"அதுல ஒரு பக்கத்துல ஓட்டை."

"கரையான் அரிச்சிருக்கும்."

"ஸ்கேல் வச்சா அரிக்கும்?"

நான் கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "அப்பாவைப் பத்தின செய்திதானே? லைப்ரரி சார் அந்தக் காலத்துல அச்சுக்கூடத்துல இருந்தாராம், முழுங்கி முழுங்கிச் சொன்னார். அதை அப்புறம் பேசுவோம். பின்பக்கம் என்ன இருந்துச்சு அத்தை?"

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. துணுக்கு வெட்டும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைத்தான். அதற்காகவே தினமும் இரண்டு பிரதிகள் வாங்குவோம். மறந்து வெட்டிய எத்தனையோ பேரை நான் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அன்று நானே திருப்பிப் பார்க்கவில்லை.

"'இறந்த பதினொருவர் விவரம்'. தலைப்பு மட்டும் மிச்சம் இருக்கு. அதுக்குக் கீழே மேசைதான் தெரியுது."

அதன் பிறகு ஒரு வாரம் அலைந்தாள். அன்றைக்கு ஊரில் இருந்த இன்னொரு பத்திரிகை எப்போதோ மூடிவிட்டது. மருத்துவமனையில் பழைய பதிவேடுகளை அழித்தாயிற்று என்றார்கள். காவல் நிலையத்தில் நாற்காலிகூடப் போடவில்லை. இறந்தவர்கள் எல்லோரும் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள். அவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகள் இருந்த இடத்தில் வாகன நிறுத்தம் இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் ஏதோ ஞாபகம் இருந்தது.

அவள் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருந்தது. கம்பி கட்டுகிறவர். அவர் மச்சான். சித்தாள் வேலைக்கு வந்த அக்கா, தங்கை. பாட்டுக்காரன். ஐந்துக்குக் கீழே எண்கள் மட்டும்தான்.

"டீக்கடைக்காரருக்கு யார் பேரும் தெரியல. கூப்பிடுறதே இப்படித்தானாம். அந்தப் பட்டியலை உங்க கையாலதானே ஒட்டுனீங்க? ஒரு பேர் சொல்லுங்க அத்தை. அதை வச்சுக்கிட்டு நான் தேடிப்பேன்."

கண்ணை மூடி யோசித்தேன். தம்பி பெயர் எத்தனையாவது வரியில் இருந்தது என்று தெரிந்தது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மை பரவிக் கிடந்தது தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"ஞாபகம் இல்ல பாப்பா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இல்ல."

அவள் பேனாவை மூடி நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே தம்பி பெயரை எழுதிவிடுவாளோ என்ற பயத்தில், "அப்பாவைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"எதை வச்சு எழுத? ஓட்டையை வச்சா?"

தேர்வுக்கு அவள் போகவில்லை. நூற்பாலையைப் பற்றி எழுது என்று நான் ஒருமுறை சொன்னேன், காதில் வாங்கவில்லை. அடுத்த மாதம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் வேலைக்குப் போய் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி அவள் தோளைத் தட்டினான்.

"நல்லதா போச்சு. ஊர் வம்பெல்லாம் நமக்கெதுக்கு? ஆனா அத்தை மெனக்கெட்டுப் பட்டியல் போட்டுக் குடுத்தாங்களே, அதையாவது முழுசாப் படிச்சிருக்கலாம்."

அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "படிச்சு முடிச்சிட்டேன்பா."