போஸ்டரில் வைத்த கண்கள்

செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுவதில் சிவாஜிநகரிலேயே ஆஞ்சலாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கண் மூடிய படத்தோடுதான் வந்து நிற்பார்கள். தம்பியின் கண்ணையோ மகளின் கண்ணையோ எடுத்துக் கம்ப்யூட்டரில் பொருத்தி, போனவரைப் பார்க்க வைத்துவிடுவாள். "அப்படியே இருக்காரு!" என்று குடும்பமே அழும்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஓர் இசை நாடகத்துக்குப் போஸ்டர் கேட்டார்கள். கதாநாயகியாகப் பாடப்போகிற ரக்ஷாவை விதவிதமாக நிற்கவைத்துப் படம் எடுத்ததில், உச்ச ஸ்தாயியில் பாடுகிற ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பாவி, அதில் கண்ணை மூடிவிட்டிருந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, ஆஞ்சலாவின் கை யோசிக்கவே இல்லை. வேறு கண்ணைத் தேடியது. சர்ச் கொயரில் பாடும்போது எடுத்த தங்கை சோனியாவின் படம் கிடைத்தது. சோனியா போன வருஷம் டெங்கு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவள் கண் கச்சிதமாக உட்கார்ந்தது. யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினாள். பொய். தெரியட்டும் என்றுதான் அனுப்பினாள்.

அவள் வீடு இருக்கும் காக்ஸ் டவுன் முழுக்கப் போஸ்டரை ஒட்டிய பிறகு அவளால் நிம்மதியாகக் காய் வாங்கப் போக முடியவில்லை. சர்ச் முனையில் சோனியா, பஸ் நிறுத்தத்தில் சோனியா. எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னாலேயே பார்க்கிறாள். அடியம்மா, என்ன பார்வை அது! 'இன்னொருத்தி மூஞ்சியில ஏன்டி என்னைக் குடி வெச்சே' என்று கேட்கிற பார்வை. ஆஞ்சலா தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

நாடகத்துக்கு முந்தின வாரம் ரக்ஷா ஆஞ்சலாவைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, அது என் கண்ணு இல்ல. இப்பல்லாம் கண்ணாடி பாக்கவே பயமா இருக்கு. பாட வாயத் தொறந்தா தொண்டை அடைக்குது. மாத்திக் குடுங்க, இல்லாட்டி ஸ்டேஜ் ஏற மாட்டேன்."

ஆஞ்சலா பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து அம்மா அன்னம்மாள் வந்தாள். ரக்ஷாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கண்ணுக்குள் எதையோ தேடினாள்.

"போஸ்டர்ல இருந்தியே, சோனியா. இங்க ஏன் இல்ல?"

ரக்ஷா கையைத் தட்டிவிட்டு அழுதுகொண்டே படி இறங்கி ஓடினாள். ஜெபக் கூட்டம் என்று சொல்லிவிட்டு அம்மா மத்தியானமெல்லாம் எங்கே போனாள் என்பது ஆஞ்சலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. போஸ்டரைப் பார்க்கத்தான்.

கண் மூடிய ரக்ஷாவை உள்ளபடியே மறுபடி அச்சடித்தாள். ஆள் விடாமல் தானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு, பழைய போஸ்டர்கள்மேல் ஒட்டிக்கொண்டே போனாள். கடைசியாகப் பஸ் நிறுத்தம். அங்கே அன்னம்மாள் போஸ்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒட்டாதடி. ஆஸ்பத்திரியில நான் போறதுக்குள்ள அவ கண்ண மூடிட்டாங்க. இங்கதான் என்னப் பாத்தா."

"எனக்கும் அவ வேணும்மா. ஆனா அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா. அவ பாடணும்."

பஸ்கள் வந்து போயின. பிறகு அன்னம்மாள் திரும்பி, போஸ்டரின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, மெல்லக் கண்கள்மேல் இறக்கி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கீழயிருந்து ஒட்டிக்கிட்டு வா," என்றாள். "கையை எடுத்தா மறுபடியும் பாப்பா."