பின்னால் வரும் செயற்கைக்கோள்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்கிலேயே வசிக்கும் மேனுகா, கையிலிருந்த ஆன்டெனாவால் என் கண்ணைக் குத்தப் பார்த்தாள். "சாரி அங்கிள், சேட்டலைட் வருது!" என்று கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு ஓடினாள். எழுதுகிறவனிடம் இப்படிச் சொல்லிவிட்டு ஓடலாமா? நானும் பின்னாலேயே ஓடினேன்.

2

தொடக்கம் ஒன்று: சிராங்கூன் சாலையில் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்த மேனுகா வானத்தை அண்ணாந்து—

(அடித்துவிட்டேன். அவள் பூ வாங்குகிறவள் இல்லை. தேக்கா சந்தையில் வாங்கியது இரும்பு அளவுநாடா. அதை வெட்டித்தான் அந்த ஆன்டெனா.)

தொடக்கம் இரண்டு: மேனுகாவும் நண்பன் இளமாறனும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மைலோ டின் அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். வேலை முடிந்த மாலையெல்லாம் அதற்கே போனது. ராக்கெட் அதை மற்ற நாட்டுக் குட்டிக் கோள்களோடு மொத்தமாக மேலே கொட்டியது. அன்றிலிருந்து அது வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் பேசாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதென்று குழு முடிவெடுத்திருக்கிறது.

3

ஒரு வில்லன் வேண்டுமே என்று இளமாறனைப் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. மேல்தளத்தில் நாங்கள் நிற்கும்போது போன் செய்தவன் அவன்தான். ஸ்பீக்கரில் கேட்டது:

"மேனு, நம்ம ஃபாலோ பண்ண ஆப்ஜெக்ட்டே ராங் லா. அது வேற யாரோடதோ. நம்மளது கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வருது."

(புரியாதவர்களுக்கு: கூட்டமாக விட்ட கோள்களில் எது யாருடையது என்று முதலில் தெரியாது. பட்டியலில் வெறும் எண்தான் இருக்கும். ஒன்றை ஊகித்து, அதன் பாதையில் ஆன்டெனாவை நீட்டவேண்டும்.)

மேனுகா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப டெய்லி நான் பேக் பண்ணிட்டு லிஃப்ட்ல இறங்குறப்போ, அது மேல வந்து கூப்பிட்டுட்டு இருந்துச்சா?"

இதை நானே எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பேன்.

4

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் சிக்னல் வருகிறது. மற்றதில் பேட்டரி எப்போதோ செத்துப்போயிற்று. மனசு கேட்காமல் முதலாவதைப் போனில் தட்டத் தொடங்கினேன்: கரகரப்புக்கு நடுவே மெல்ல—

"என்ன அங்கிள் டைப் பண்றீங்க?"

சொன்னேன்.

"கேக்காத சிக்னல எழுதாதீங்க. நாங்க லாக் புக்ல அப்படிப் போடவே மாட்டோம்."

எழுந்து நின்றாள். யாருடையதோ அந்தக் கோள் தாண்டிப் போய்விட்டது. தினமும் அவள் ஆன்டெனாவை இறக்கும் நேரம் இது. இன்று இறக்கவில்லை. எம்ஆர்டி ரயில் ஒன்று தடதடத்துப் போகிறது, அதன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நான் இருமினால்கூட அவள் முறைக்கிறாள்.

வாசகரே, நீங்களும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.