யாரும் சமைக்காதீக

நாகஜோதியின் குரல் பாளையம்பட்டித் தெருக்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கூடை காலியான பிறகும் அவள் திரும்பி வந்து கத்தியதை அன்றுதான் கேட்டார்கள்.

"காலையில என்கிட்ட வாங்குன கீரைய யாரும் சமைக்காதீக! அடுப்புல வச்சிருந்தா எறக்கிருங்க!"

பரளச்சிப் பக்கம் காளிராஜின் கிணற்றுத் தோட்டத்துக் கீரை அது. முந்தின நாள் சாயந்தரம் பருத்திக்கு மருந்து அடித்த ஆள், டேங்கில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் பக்கத்துக் கீரைப் பாத்திக்கும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். மருந்து அடித்த பாத்தியில் பல நாள் கை வைக்கக்கூடாது என்பது காளிராஜுக்குத் தெரியாதா என்ன? ஆள் வாயைத் திறந்தால்தானே. விடியுமுன்னே பறித்துக் கட்டி அவளிடம் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் உடனே போனில் சொன்னார். அந்த மட்டுக்கும் அவர் மனுசர். மறைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

கீரை ராத்திரிக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் மதியத்துக்கே ஆக்கிவிடுவார்கள். நாகஜோதி வந்த வழியே திரும்பினாள். வாங்கியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. யுவராணி மாசமாக இருப்பவள். ரத்தம் ஊறும் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து தினமும் ஒரு கட்டு வாங்குகிறவள். முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஓடினாள்.

யுவராணி கீரையை ஆய்ந்து முடித்திருந்தாள். "உப்புத் தண்ணியில நல்லா அலசிட்டேன்க்கா. போயிராதா?"

"மேல ஒட்டுன மண்ணு போகும் தாயி. இது மருந்து, எலைக்குள்ளயே எறங்கிருக்கும். வேண்டவே வேண்டாம்."

யுவராணி சட்டியைத் தள்ளி வைத்தாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாகஜோதிக்கு மூச்சு வந்தது. மிச்சத் தெருக்களிலும் சொல்லி முடித்தாள். கீரை வெந்துகொண்டிருந்த வீடுகளில் நின்று கொட்ட வைத்தாள். ஒருவர் வாயிலும் ஒரு கவளம் போகவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகைதான்.

வெயில் தாழ்வதற்குள் ஓர் ஆள் வந்து சொன்னான். சந்தனம்மாளின் மாடு விழுந்துவிட்டது.

அவள் தெருவில் கறவை என்று இருந்தது அது ஒன்றுதான். மழை பொய்த்த இந்தப் பூமியில், அவ்வளவு பசேலென்ற கீரையைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? சமைக்கத்தானே வேண்டாம் என்றாள்? ஆளாளுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். வாயில்லா ஜீவன் தின்னட்டும், புண்ணியமாகப் போகட்டும் என்றுதான் போட்டார்கள். இதில் யாரைத் திட்டுவது?

நாகஜோதி போனபோது மாட்டின் வாயில் நுரை தள்ளியிருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு எழுந்தார்.

"சொல்றதுக்கில்லம்மா. கன்ன மட்டும் மடியில விட்றாதீங்க. பாலு ஆகாது."

சந்தனம்மாள் கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். நாகஜோதியை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"மனுசருக்கு ஆகாதுன்னு ஓடி வந்து சொன்ன, நல்லாருப்ப. மாட்டுக்கும் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி."

நாகஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தே…" என்றாள்.

"எந்திரி. இங்க உக்காந்து என்னத்தச் செய்யப்போற? ஆடு வச்சிருக்கவுக எத்தன பேரு இருக்காக. ஓடு."

நாகஜோதி கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை தெருவில் நின்று கத்தவில்லை. வீடு வீடாக நுழைந்து, மிஞ்சியிருந்த கட்டுகளைத் தன் கையால் வாங்கிக் கூடையில் போட்டாள்.

பின்னால் கன்று பாலுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. சந்தனம்மாள் கயிற்றை விடவில்லை.