மீண்டும் அனுப்பவும்

அப்பாவின் அடையாள அட்டை நகலைத் தேடித்தான் மூத்தவன் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தான். மயானத்துக்கு வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

காலையில் அவன் வந்து இறங்கியதும் தங்கை சொன்னது ஒன்றுதான். இதய ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று கேட்டு எழுதிவிட்டு, அவன் பதிலுக்காக அப்பா ஒரு மாதமாய்க் காத்திருந்தார். அப்படி எதுவும் வரவில்லை என்றான். கம்பெனியில் மெயில் பிரிவையே கட்டி மேய்ப்பவன் அவன். அப்பா போனில் எதைத் தொடங்கினாலும் மெயிலில் போடச் சொல்வான்.

அனுப்பியவற்றில் ஆறு கடிதங்கள் இருந்தன. ஆறும் அவனுடைய ஆபீஸ் முகவரிக்கு. ஆறும் ஒரே கடிதம்.

'தம்பி, டாக்டர் பாதிக்குப் பாதி என்கிறார். நீ சரி என்றால் செய்துகொள்கிறேன்.'

வந்தவற்றில், அவன் பெயரில் ஆறு பதில்கள். 'உங்கள் கடிதத்தின் எழுத்துமுறை ஏற்கப்படவில்லை. மீண்டும் அனுப்பவும்.'

வாசகம் அவனுடையது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துமுறையில் வரும் மெயில்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று புகார் வந்தபோது, ஒவ்வொன்றாய்ச் சரிசெய்யச் சோம்பி, சர்வர் வாசலிலேயே தானாகத் திருப்பி அனுப்ப வழி செய்திருந்தான். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. இந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய எழுத்துமுறையைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்.

ஆறாவது கடிதத்தின் அடியில் ஒரு வரி கூடியிருந்தது. 'நீ சொன்னபடி திரும்ப அனுப்பியிருக்கிறேன். வேறு எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்.'

"கெடச்சுதா?" தங்கை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"தேடறேன்."

"நான் போன் பண்றேன்னுதான் சொன்னேன். வேலையில இருப்பான், தொந்தரவு பண்ணாதேன்னாரு. திரும்ப அனுப்பச் சொல்றான்னு உக்காந்து உக்காந்து அனுப்பினாரு. நீ பெரிய ஆபீசர் பாரு, ஒரு தடவ சொன்னா உன் காதுல விழுமா?"

அவன் கை தானாகவே மெயில் அமைப்புகளுக்குள் போய் எழுத்துமுறையை மாற்றியது. மூன்று சொடுக்குகள். எதைச் சரிசெய்தாலும் ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது அவன் வழக்கம். அந்த ஆறாவது கடிதத்தையே அனுப்பினான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. 'அப்பா' என்று பெயர் வந்திருந்தது. கீழே, ஓர் எழுத்துகூடச் சிதையாமல், கடிதம்.

"யாரு?"

"ஆபீஸ்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினான்.