தோணித்துறையில் ஒரு நடுச்சுவர்

புயலுக்குப் பிறகு, கல்முனைத் தோணித்துறையில் பொழுதுபோக்கு மண்டபம் ஒன்று கட்ட ஊர்ச் சங்கத்தார் முடிவெடுத்தார்கள். பிளான் கீறும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை நான் கீறியதெல்லாம் வீடும் கடையும்தான். கடலைப் பார்த்த மண்டபம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரம் போர்ட் ஆட, பத்திரிகை வாசிக்க, றேடியோ கேட்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய கூடம். கிழக்கே முழுவதும் திறப்பு. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. எல்லாருக்கும் அண்ணன் முறையான சங்கத் தலைவர் ஷரிபுதீன் காக்கா அதைப் பார்த்து மேசையில் தட்டி, "இதுதான்டா பிளான்!" என்றார். நானும் பூரித்துப்போனேன்.

உண்மையில் அதை நான் ஒருவருக்காகத்தான் கீறினேன். என் மனைவி பரீதாவின் வாப்பா, மீராலெவ்வை மாமா.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவான். பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் ஒரு சின்னக் குடிலுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். மாமா கடலில் உழைத்துக் கட்டிய கல்வீட்டில் நான் மகாராசாவாகக் கால் நீட்டிப் படுத்தேன். நான் முன்விறாந்தைக்கு வந்தால் அவர் எழும்பிவிடுவார். "இருங்க மாமா" என்று வாயெடுப்பதற்குள் ஆள் வேலிக் கடப்பைத் தாண்டியிருப்பார். மருமகனுக்கு முன்னால் மாமனார் இருக்கக் கூடாதென்று எவன் சட்டம் போட்டானோ, அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கும்.

பகலெல்லாம் அவர் துறையில் தென்னைகளின் கீழ் கூட்டாளிகளோடு இருப்பார். புயல் அந்த நிழலையும் கொண்டுபோனது. தன் வீட்டை எனக்குத் தந்த மனிதருக்கு இருக்க ஓர் இடம் இல்லை. அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி பென்சில்தான்.

வேலை தொடங்கும்வரை இருக்கட்டும் என்று சங்கத்தார் அந்த இடத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார்கள். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு எட்டிப் பார்த்தேன். மாமாவும் கூட்டாளிகளும் டாம்பலகைக்கு மேல் குனிந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அப்போது பந்தடித்துவிட்டு இளந்தாரிகள் உள்ளே வந்தார்கள். வந்தவனெல்லாம் அங்கே யாரோ ஒருவருடைய மருமகன். ஒரு கிழவர் எழும்பினார். இன்னொருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். கடைசியில் மாமா என்னைக் கண்டார், அவரும் எழும்பினார். ஆட்டம் பாதியில் கிடக்க, எல்லாரும் வெளியே வெயிலில் போய்க் கடலைப் பார்ப்பதுபோல் நின்றார்கள்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஊரிலுள்ள மாமனார்களையெல்லாம் துரத்துவதற்கு எவ்வளவு வடிவாக ஒரு பிளான் கீறியிருக்கிறேன்!

நேரே ஷரிபுதீன் காக்காவிடம் போனேன். "காக்கா, நடுவில ஒரு சுவர் வைக்கோணும்."

"உனக்கென்ன விசரா? இவ்வளவு வடிவான மண்டபத்த ரெண்டாப் பிளக்கவா?"

"உங்கட மருமகன் வந்தா நீங்க அதுக்குள்ள இரிப்பீங்களா?"

அவர் பிளானைத் தன் பக்கம் இழுத்தார். பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மனிதர்தானே அவரும்.

"சுவரக் கொஞ்சம் தடிப்பாப் போடு," என்றார்.

அப்படியே போட்டோம். ஆள் உயரத்துக்கு மேலே சுவர், அதற்கு மேல் காற்றோட இடைவெளி, வடக்கே மாமனார்களுக்கு ஒரு வாசல், தெற்கே மருமக்களுக்கு ஒரு வாசல். இரண்டு பக்கமும் ஒரே கடல்தான் தெரிந்தது.

திறந்த அன்று நான் தெற்குப் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தேன். மறுபக்கம் டாம் காய்கள் விழும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு, ஊரைக் கூட்டும் சிரிப்பு.

"ஆருடா அது?" என்று பக்கத்தில் இருந்த மஜீட்டைக் கேட்டேன்.

"உன்ட மாமாதான்."

அவருடைய வீட்டிலேயே இத்தனை காலம் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அதே குரல் சுவருக்கு மேலால் வந்தது. "மருமகன் அந்தப் பக்கம் இரிக்கார் போல. அவருக்கும் ஒரு தேத்தண்ணி குடுங்க. நல்ல இடம் தந்திரிக்கார், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

என் கண் நிறைந்துவிட்டது. "நீங்க தந்த இடத்திலதானே மாமா நான் இரிக்கன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவரோடு நான் முழுதாகக் கதைத்த முதல் பேச்சு அதுதான்.

மறுபக்கம் டாம் காய் விழுவது நின்றது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு கதிரை தரையில் கால் உரச இழுபட்டு வந்து, சுவரோடு சுவராக, என் முதுகுக்கு நேரே நின்றது. நான் இருப்பது தெரிந்தும் மாமா எழும்பிப் போகாமல் அதில் இருந்தார்.