ஒரு நாள் முன்னால் உறுமிய கார்

ப்ரூனோ நோவிக்கியின் ஆரஞ்சு நிற ஜிடிஓ காரின் சத்தம் காருக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். 1969இல், போன்டியாக் நகரத் தொழிற்சாலையில் தான் வேலை பார்த்த உற்பத்தி வரிசையிலேயே உருவான அந்தக் காரை அவன் ஹாம்ட்ராமிக் ஊரிலிருந்த தன் தெருவுக்கு ஓட்டிவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தெருவோ திங்கட்கிழமையே சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, ஒன்றையும் காணாமல் திட்டி முடித்திருந்தது. மறுநாள் கார் பூனை மாதிரி ஓசையில்லாமல் வந்து நின்றது. லியோனாவோடு அவன் கல்யாணமும் அப்படித்தான் கூடியது. அந்த உறுமல் தன் வாசலில் வந்து நின்றதை முந்தின நாளே கேட்டுவிட்டதால், தலைக்குக் குளித்து, நல்ல உடுப்பு போட்டு, தற்செயலாக நிற்பவள் போல அவளால் நிற்க முடிந்தது. உட்வர்ட் அவென்யூவில் ப்ரூனோ சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட காலத்தில் போலீஸ்காரர்களும் இதே வசதியை அனுபவித்தார்கள்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது, காப்பீடு ஏறியது, அந்த ஜாதிக் கார்களெல்லாம் பழைய இரும்புக்குப் போயின. ப்ரூனோ தன்னுடையதைக் கம்பளி போர்த்திக் காப்பாற்றினான். அன்று வாங்க வக்கில்லாமல் ஏங்கிய பையன்கள் வழுக்கை விழுந்து பணக்காரர்களானதும் அவற்றைத் தேடி அலைய ஆரம்பித்தார்கள். அப்படி அரிசோனாவிலிருந்து வந்தவர் ப்ரெஸ்காட். காரடியில் படுத்து, எஞ்சினில் அடித்த எண்ணும் உடம்பில் அடித்த எண்ணும் பொருந்துவதைக் கண்டு, அசல் எஞ்சின்தான் என்று கண் கலங்கினார். அவருக்குத் துருகூடப் பிறவித் துருவாக இருக்க வேண்டும். ப்ரூனோவுக்கு இடது முழங்கால் போய், க்ளட்ச் மிதிக்க முடியாமல் ஆகியிருந்தது. விற்கச் சம்மதித்தான். அவனைவிட லியோனாவுக்குத்தான் அந்தக் காரின் மேல் உயிர். சொன்னால் அவனுக்குத் தலைகால் புரியாது என்று நாற்பது வருடமாகச் சொல்லாமலே வைத்திருந்தாள்.

விற்பனைக்கு முந்தின நாள் மதியம் சத்தம் கிளம்பியது. தெருமுனையில் இரண்டாவது கியர் கரகரவென்று கத்தியது. உறுமல் உட்வர்ட் பக்கம் போய்த் தேய்ந்தது, திரும்பி வரவேயில்லை. பக்கத்து வீட்டு டெக்லா ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டையோடு துக்கம் கேட்க வந்தாள்.

"கியர் போடக்கூடத் தெரியாத பயகிட்டக் குடுக்குறானே உம் புருசன். வெளங்குமா?"

லியோனா அழுதுகொண்டே பியரோகியைத் தின்றாள்.

மறுநாள் ப்ரெஸ்காட் நாலு பக்கமும் மூடிய டிரெய்லரோடு வந்தார். எஞ்சினைத் தொடக் கூடாது, மீட்டரில் ஒரு மைல் ஏறினாலும் மதிப்பு போய்விடும், கம்பி கட்டி இழுத்துத்தான் ஏற்றுவேன் என்றார். லியோனா கம்பியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், க்ளட்ச் எந்தக் காலுன்னாவது தெரியுமாடி உனக்கு?" என்று பதறினான் ப்ரூனோ.

"நேத்தே ஓட்டியாச்சு, ஊரே கேட்டுச்சு. இன்னிக்கு ஓட்டலேன்னா அந்தச் சத்தத்துக்கு யாரு பதில் சொல்றது? ஏறு, பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடு."

கார் ஓசையில்லாமல் நகர்ந்தது. தெருமுனையில் இரண்டாவது கியருக்கு அது ஒருமுறை குலுங்கியபோது டெக்லா சிலுவை போட்டுக்கொண்டாள். அவர்கள் உட்வர்டில் ஒரு சிக்னல் விடாமல் பறந்தார்கள். விற்கப்போகும் காருக்கு எதற்கென்று ப்ரூனோ பெட்ரோல் போடாமல் விட்டிருந்ததால், திரும்பும் வழியில் அது நின்றுபோனது. தெருக்காரர்கள் போய்த் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முந்தின நாள் திரும்பும் சத்தம் கேட்காததன் காரணம் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

லியோனா சாவியைத் தன் உடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். ப்ரூனோ அதைப் பார்த்துச் சிரித்தான், திருப்பிக் கேட்கவில்லை. ப்ரெஸ்காட் முகம் தொங்கக் காலி டிரெய்லரின் கதவைச் சாத்தும்போது பெரிய உறுமல் ஒன்று அவரைக் கடந்து போய், தெருமுனையில் கரகரவென்று கத்தியது. அவர் துள்ளித் திரும்பிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது. கார் கண்ணெதிரே, சொட்டு பெட்ரோல் இல்லாமல் நின்றது.

"அது நாளைக்குங்க," என்றாள் டெக்லா. "இன்னும் கியர் பழகல அவளுக்கு."