வரிசையில் முதல் ஆள்

நாபோர் குவேவாஸ் கறி வெட்டும் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு பேரும் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் அரைக் கிலோ பன்றிக்கறி வறுவல் கேட்டான். மற்றவன் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் தராசில் வைத்தான்.

"தேர்தல் வேலைக்கு ஊர்க்காரங்கள எடுக்கிற குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்காமே அண்ணே. வாக்குச்சாவடித் தலைவராம். ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருங்க. உடம்புக்கு நல்லது."

மெக்சிகோவின் அந்த மலையோரச் சிற்றூரில் நகரத் தலைவர் தேர்தல். இந்த இருவரின் கும்பல் நிறுத்திய ஆளை எதிர்த்து நின்றவர் ஆசிரியை ஒதிலியா மட்டும்தான். போன வாரம் அவருடைய வண்டியைக் கொளுத்தினார்கள். காவல் நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு காவலர்கூட எட்டிப் பார்க்கவில்லை. வெட்கங்கெட்டவர்கள்.

ஞாயிறு காலை நாபோர் கட்டிலை விட்டு எழவில்லை. மனைவி எதுவிஹிஸ் தலை வாரிக்கொண்டு, வாக்காளர் அட்டையோடு கிளம்பினாள்.

"எங்க போற? சாவடி திறக்காது. குலுக்கல்ல பேரு வந்த எல்லாரையும் மிரட்டியிருக்கானுங்க, யாரும் வரமாட்டோம்."

"நீங்க வரலேன்னா வரிசையில முன்னாடி நிக்கிறவங்கள மேசையில உக்கார வைப்பாங்க. சட்டம் அதானே? பயிற்சிக்குப் போயிட்டு வந்து நீங்கதானே சொன்னீங்க."

நாபோர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ஒதுங்கிக்கொண்டால் தன்னோடு போயிற்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். தன் தலைக்கு வந்த ஆபத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைத்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே, சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் அந்த இருவரும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். தெருவின் இந்தப் பக்கம் வாக்களிக்க வந்த நாற்பது பேர், ஏதோ கதை பேச வந்தவர்கள் போல.

"நீ முன்ன போ மச்சான்."

"எனக்கு மூணு புள்ளைங்க. நீ போயேன்."

எதுவிஹிஸ் யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்தாள். வாசலில் தனியாக நின்றாள். ஒருவன் கைபேசியை உயர்த்தி அவள் முகத்தைப் படம் பிடித்தான், நிதானமாக, சிரித்துக்கொண்டே.

நாபோருக்கு ரத்தம் கொதித்தது. சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார்.

"அவள ஏன்டா படம் புடிக்கிற? என்னப் புடி. நாபோர் குவேவாஸ். சாவடித் தலைவர்."

"யோசிச்சுப் பேசுங்க அண்ணே."

"யோசிச்சு யோசிச்சுத்தான்டா இந்தக் கதிக்கு வந்தோம்."

நாபோர் தெருப்பக்கம் திரும்பினார்.

"மேசைக்கு இன்னும் மூணு பேரு வேணும். யாரு வர்றீங்க?"

ஒருவரும் அசையவில்லை.

"நான் மட்டும் ஒதுங்கினா என்ன ஆயிடும்னு நெனச்சேன். இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் அதைத்தான் நெனக்கிறீங்க. அவனுங்க ரெண்டு பேரு, நாம நாப்பது பேரு. நம்ம உரிமையை அவனுங்க துப்பாக்கியக் காட்டிப் புடுங்கல. துப்பாக்கியப் பாத்ததும் ஒவ்வொருத்தரா நாமளே கொண்டு போய்க் குடுத்துட்டோம்."